வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நம்பகமான ஹார்டு டிஸ்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டர் வாங்கும்போது பிராசசரைப் பற்றி ஒரு வாரம் ஆராய்கிறவர்கள், டிஸ்க்கைப் பற்றி ஐந்து நிமிடம்கூட யோசிப்பதில்லை. பிராசசர் போனால் புதிது வாங்கிக்கொள்ளலாம். டிஸ்க் போனால் பத்து வருடப் புகைப்படங்கள் போய்விடும். நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமான பதில் வேண்டியிருக்கிறது, சிலவற்றுக்கு ஒரு வரி போதும்.

எந்த கம்பெனி டிஸ்க் நல்லது? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம்.

சுழலும் ஹார்டு டிஸ்க் தயாரிக்கும் கம்பெனிகள் இன்று உலகத்தில் மூன்றுதான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், டோஷிபா. ஒரு காலத்தில் ஏகப்பட்ட பெயர்கள் இருந்தன. மேக்ஸ்டரை 2006-இல் சீகேட் வாங்கியது. சாம்சங்கின் ஹார்டு டிஸ்க் பிரிவும் 2011-இல் சீகேட்டிடம் போய்ச் சேர்ந்தது. ஐபிஎம்மின் டிஸ்க் தொழில் ஹிட்டாச்சிக்குப் போய், அங்கிருந்து 2012-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்குப் போனது. வெளியில் வேறு பெயர் ஒட்டியிருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் திறந்து பார்த்தாலும், சுழலும் தட்டு இருக்குமானால் அது இந்த மூவரில் ஒருவருடையதாகத்தான் இருக்கும்.

அந்த ஐபிஎம் கதையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2000-இல் வந்த டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி என்ற மாடல் அடுத்தடுத்துப் பழுதாகி, ‘டெத்ஸ்டார்’ என்று பட்டப்பெயர் வாங்கியது. அதே பரம்பரையில், ஹிட்டாச்சியின் கீழ் வந்த ஹெச்ஜிஎஸ்டி டிஸ்க்குகள், பத்துப் பதினைந்து வருடம் கழித்து, மிகக் குறைவாகப் பழுதாகும் டிஸ்க்குகள் என்று பெயர் எடுத்தன. சீகேட்டின் ஒரு 3 டிபி மாடல் பெயரைக் கெடுத்துக்கொண்ட அதே காலத்தில், அதே கம்பெனியின் 4 டிபி மாடல் அதைவிடப் பல மடங்கு நன்றாக ஓடியது. ஆகவே கம்பெனியைப் பார்க்காதீர்கள், மாடலைப் பாருங்கள்.

“என் தம்பி அந்த கம்பெனி டிஸ்க் வாங்கினான், ஆறே மாதத்தில் போய்விட்டது” என்பார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஹார்டு டிஸ்க்குக்குப் பொருந்தாது. ஒரு பானைச் சோறு முழுவதும் ஒரே அடுப்பில் வெந்தது. உங்கள் தம்பியின் டிஸ்க் லாரியில் எத்தனை முறை கீழே விழுந்தது என்று யாருக்குத் தெரியும்?

அப்படியென்றால் எதை வைத்து மாடலைத் தீர்மானிப்பது?

பேக்பிளேஸ் என்ற கிளவுட் பேக்கப் நிறுவனம், தன்னிடம் ஓடும் டிஸ்க்குகளில் எந்த மாடல் எத்தனை பழுதானது என்ற கணக்கை 2013 முதல் வெளியிட்டு வருகிறது. லட்சக்கணக்கில் டிஸ்க்குகளை ஓட்டும் ஓர் இடத்திலிருந்து பெயர் சொல்லி வரும் கணக்கு என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். மொத்தமாகப் பார்த்தால் அண்மை ஆண்டுகளில் அவர்களுடைய டிஸ்க்குகளில் வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பழுதாகின்றன.

ஆனால் அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே டிஸ்க்குகள் இரவும் பகலும் நிற்காமல் ஓடுகின்றன, குளிரூட்டிய அறையில், அசைவில்லாத அலமாரியில். உங்கள் வீட்டு டிஸ்க் தினமும் ஏற்றி அணைக்கப்படுகிறது, மேசைக்கடியில் தூசியில் கிடக்கிறது. இன்னொரு சிக்கல்: ஒரு மாடலைப் பற்றி மூன்று வருடக் கணக்கு சேர்வதற்குள் அந்த மாடலே கடையில் இருக்காது. அந்த அட்டவணையை நான் ஒரு வேலைக்குத்தான் பயன்படுத்துகிறேன்: மற்ற மாடல்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் சாகும் ஏதாவது ஒன்றை வாங்கித் தொலைத்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொள்ள. 0.9 சதவீதத்துக்கும் 1.3 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு டிஸ்க் வாங்குகிற உங்களுக்கும் எனக்கும் ஒன்றுமே இல்லை.

பெட்டியில் ‘எம்டிபிஎஃப் 10 லட்சம் மணி நேரம்’ என்று போட்டிருக்கிறதே?

எம்டிபிஎஃப் என்றால் ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடையே சராசரியாக ஓடும் நேரம். பத்து லட்சம் மணி நேரம் என்றால் 114 வருடம். ஹார்டு டிஸ்க் என்ற பொருளே 1956-இல்தான் பிறந்தது. ஐபிஎம்மின் அந்த முதல் டிஸ்க்கில் 24 அங்குல அகலத் தட்டுகள் 50 இருந்தன, மொத்தக் கொள்ளளவு சுமார் 5 எம்பி. ஆக, 114 வருடம் ஓடிப்பார்த்த டிஸ்க் எதுவும் கிடையாது.

அந்த எண் ஒரு தனி டிஸ்க்கின் ஆயுளே அல்ல. பெரிய கூட்டமாக டிஸ்க்குகளை ஓட்டினால் வருடத்துக்கு நூற்றில் ஏறக்குறைய ஒன்று பழுதாகும் என்பதைத்தான் அப்படிச் சுற்றிவளைத்துச் சொல்கிறார்கள். அதுவும் ஆய்வகக் கணக்கு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் 2007-இல் பெரிய கம்ப்யூட்டர் மையங்களின் பதிவேடுகளைப் பார்த்தபோது, வருடத்துக்கு 2 முதல் 4 சதவீதம் டிஸ்க்குகள் மாற்றப்படுவது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் 13 சதவீதம் வரை போனது.

அந்த எண்ணை விட்டுவிட்டு வாரண்டி எத்தனை வருடம் என்று பாருங்கள். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகளுக்குப் பெரும்பாலும் 2 வருடம், நாஸ் (நெட்வொர்க்கில் பலரும் பகிரும் சேமிப்புப் பெட்டி) டிஸ்க்குகளுக்கு 3, உயர்வகைக்கு 5. தன் கையிலிருந்து மாற்று டிஸ்க் கொடுக்க வேண்டும் என்பதால் கம்பெனிக்காரர் இந்த எண்ணில் மட்டும் பொய் சொல்லத் தயங்குவார். ஒன்றை மறக்க வேண்டாம்: வாரண்டியில் திரும்பக் கிடைப்பது டிஸ்க்தான், அதில் இருந்தது அல்ல.

ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே தகவலை வைக்கும் டிஸ்க். விண்டோஸோ லினக்ஸோ, ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கும் இடம் எஸ்எஸ்டியாகத்தான் இருக்க வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை. ஹார்டு டிஸ்க் தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு 150 முதல் 250 எம்பி வரை தரும். கேபிளில் மாட்டும் சாட்டா வகை எஸ்எஸ்டி 550 தரும். மதர்போர்டின் எம்.2 இடத்தில் செருகும் என்விஎம்இ வகை 3,500-க்கு மேலும் போகும். இதைவிட முக்கியமானது, சின்னச் சின்ன ஃபைல்களை அங்கும் இங்கும் தேடும்போது ஹார்டு டிஸ்க்கில் படிக்கும் தலையைத் தாங்கும் கை ஓடி ஓடிக் களைத்துப்போகிறது. எஸ்எஸ்டிக்குக் கையே இல்லை. பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, எஸ்எஸ்டி மாற்றிப் பாருங்கள் என்பதுதான்.

நம்பகம் என்று வரும்போது கதை கொஞ்சம் மாறுகிறது. எஸ்எஸ்டி அதிர்ச்சியைத் தாங்கும், சத்தம் போடாது, பழுதாகும் வாய்ப்பும் குறைவு. ஆனால் போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போகும். நேற்று இரவு நன்றாக இருந்தது, இன்று காலை பயாஸில் (கம்ப்யூட்டரின் தொடக்க அமைப்புத் திரையில்) பெயரே இல்லை. ஹார்டு டிஸ்க் பல நேரங்களில் முனகும், இழுக்கும், ஒன்றிரண்டு ஃபைல்களைத் திறக்க மறுக்கும். அந்த இடைவெளியில் முக்கியமானதை வெளியே எடுத்துவிடலாம்.

எஸ்எஸ்டியை மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் பெட்டியில் போட்டு வைக்கவும் கூடாது. எழுதும் ஆயுள் முழுவதும் தேய்ந்துபோன வீட்டு எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஒரு வருடம் தகவலைக் காத்தால் போதும் என்பதுதான் தொழில்தர அளவுகோல். புது எஸ்எஸ்டி அதைவிட எவ்வளவோ அதிக காலம் தாங்கும். ஆனாலும் பேழையில் பூட்டி வைக்கிற பொருள் அது இல்லை.

ஆக, சிஸ்டத்துக்கு 500 ஜிபியோ 1 டிபியோ எஸ்எஸ்டி. புகைப்படம், வீடியோ, பேக்கப் போன்ற பருமனான சாமான்களுக்கு ஹார்டு டிஸ்க்.

எஸ்எஸ்டியில் எழுத எழுதத் தேய்ந்துவிடும் என்கிறார்களே?

தேயும். ஆனால் வீட்டில் நீங்கள் அதைத் தேய்த்து முடிக்க மாட்டீர்கள். டிபிடபிள்யூ என்று ஓர் எண் கொடுத்திருப்பார்கள், மொத்தம் எத்தனை டிபி எழுதும் வரை வாரண்டி செல்லும் என்பதன் கணக்கு அது. உதாரணமாக சாம்சங் 870 ஈவோ 1 டிபி மாடலுக்கு 600. தினம் 50 ஜிபி எழுதினால்கூட அதை எட்ட 12,000 நாள் ஆகும், அதாவது 32 வருடத்துக்கு மேல். அதற்கு முன்பே அதன் சர்க்யூட்டோ, உள்மென்பொருளான ஃபர்ம்வேரோ போய்விடலாம், அல்லது உங்களுக்கே அது அலுத்துப்போகலாம்.

டிஎல்சி, கியூஎல்சி என்று இரண்டு வகை சிப் வருகிறது. டிஎல்சியில் ஒரு செல்லுக்குள் மூன்று பிட்டுகள். கியூஎல்சியில் நான்கைத் திணிப்பதால் ஆயுளும் குறைவு, நீளமாக எழுதும்போது வேகமும் பொத்தென்று விழும். விலை வித்தியாசம் பெரிதாக இல்லையென்றால் டிஎல்சி எடுங்கள்.

நம்ப முடியாத குறைந்த விலைக்கு 8 டிபி, 16 டிபி என்று கையடக்க எஸ்எஸ்டி விற்கிறார்களே, அதில் விசாரிக்க ஒன்றும் இல்லை. உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும். அளவை மட்டும் பொய்யாகக் காட்டும்படி மாற்றியிருப்பார்கள். நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் டிஸ்க் முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து அந்தக் குட்டை உடைத்துவிடும்.

சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று பேசிக்கொள்கிறார்கள். அது என்ன?

ஹார்டு டிஸ்க் வாங்குகிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இது. ஆனால் பெட்டியின் மேல் பெரும்பாலும் இருக்காது.

டிஸ்க்கின் தட்டில் தகவல்கள் வட்ட வட்டமான தடங்களில் எழுதப்படுகின்றன. சிஎம்ஆர் வகையில் ஒவ்வொரு தடமும் தனித்தனி. எஸ்எம்ஆர் வகையில் கூரைக்கு ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறியிருக்கும். அதே தட்டில் அதிக இடம் கிடைக்கும். படிப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டும் என்றால்? மேலே ஏறியிருக்கும் ஓடுகளையெல்லாம் எடுத்துவிட்டு மறுபடி அடுக்க வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க்கும் அதையேதான் செய்கிறது: ஒரு சின்ன மாற்றத்துக்காகப் பக்கத்துத் தடங்களையெல்லாம் படித்து மறுபடி எழுதுகிறது.

அன்றாடம் இது தெரியாது. வருவதை முதலில் தனியாக ஒதுக்கிய ஓர் இடத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது டிஸ்க் தானே அடுக்கிக்கொள்ளும். அந்த ஒதுக்கிடம் நிரம்பும்போதுதான் மூச்சு வாங்கும். 500 ஜிபி வீடியோவை ஒரே மூச்சில் நகலெடுத்தால் ஆரம்பத்தில் நொடிக்கு 150 எம்பி காட்டும், பாதி வழியில் பத்து இருபதுக்கு இறங்கிவிடும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயந்து என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு. கெடவில்லை, அதன் சுபாவமே அப்படி.

2020-இல் இது பெரிய சர்ச்சையானது. நாஸ் பெட்டிகளுக்கென்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது, பயனர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. ரெய்டில் (ஒன்று போனாலும் மற்றவை தாங்கும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் அமைப்பு) ஒரு டிஸ்க்கை மாற்றி மறுபடி கட்டும்போது அவை திணறின. அதன்பிறகு சிஎம்ஆர் மாடல்களை ‘ரெட் பிளஸ்’ என்று பிரித்தார்கள், எந்த மாடல் எந்த வகை என்ற பட்டியலையும் வெளியிட்டார்கள். மூன்று கம்பெனிகளின் தளங்களிலும் இப்போது இந்த விவரம் கிடைக்கும். வாங்கும் முன் மாடல் எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

எஸ்எம்ஆர் எடுக்கவே கூடாதா? எழுதி வைத்துவிட்டு எப்போதாவது எடுத்துப் பார்க்கிற பேக்கப்புக்கு எடுக்கலாம். கம்ப்யூட்டருக்குள் தினசரி வேலைக்கும் ரெய்டுக்கும் வேண்டாம். இரண்டரை அங்குலக் கையடக்க டிஸ்க்குகளில் பெரும்பாலானவை இன்று எஸ்எம்ஆர்தான், அதில் நமக்குத் தேர்வே இல்லை.

நாஸ் டிஸ்க், கேமரா டிஸ்க், சர்வர் டிஸ்க் என்று இருப்பவற்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் போடலாமா?

போடலாம், ஓடும். ஒரு வருடத்தில் எவ்வளவு தகவல் போக்குவரத்தைத் தாங்கும் என்பதில் வேறுபாடு உண்டு: டெஸ்க்டாப் வகைக்குப் பெரும்பாலும் 55 டிபி, நாஸ் வகைக்கு 180, சர்வர் வகைக்கு 550 என்று குறிப்பிட்டிருப்பார்கள். வீட்டில் 55-ஐத் தாண்டுவது கடினம்.

ஒரு நுட்பமான விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். நாஸ் டிஸ்க்கால் ஓர் இடத்தைப் படிக்க முடியவில்லை என்றால் சுமார் ஏழு நொடியில் கையை விரித்துவிடும், ரெய்டில் பக்கத்து டிஸ்க் பார்த்துக்கொள்ளட்டும் என்று. டெஸ்க்டாப் டிஸ்க் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். ஒரே டிஸ்க் இருக்கும் கம்ப்யூட்டரில் இந்தப் பிடிவாதம்தான் நல்லது. சர்வர் வகை டிஸ்க்குகள் படுக்கையறைக்கு ஆகாது. சத்தம் தூங்கவிடாது.

1 டிபி வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

எவ்வளவு பெரிய டிஸ்க் எடுப்பது?

இப்போது இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அதற்கு மேல் போனால் வேறு கவலை வரும்: 8 டிபியை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் நகலெடுக்க 15 மணி நேரம் ஆகும். டிஸ்க் சாகத் தொடங்கிவிட்ட நாளில் அந்தப் 15 மணி நேரம் உங்களுக்குக் கிடைக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2 டிபிக்கு மேல் எடுத்தால் பார்ட்டிஷன் போடும்போது, அதாவது டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது, ஜிபிடி முறையைத் தேர்ந்தெடுங்கள். பழைய எம்பிஆர் முறைக்கு அதற்கு மேல் எண்ணத் தெரியாது.

பயன்படுத்திய டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

மூன்றாவது நகலுக்கு வேண்டுமானால் வாங்கலாம், முதல் நகலுக்கு வேண்டாம். எத்தனை மணி நேரம் ஓடியது என்று டிஸ்க்கே தன் நிலையைக் குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ பதிவில் சொல்லும். ஆனால் அந்தப் பதிவை அழித்து ‘புதுசு’ என்று விற்கிற வித்தையும் உண்டு. 2025-இன் தொடக்கத்தில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் சர்வர் டிஸ்க்குகள் எண்ணைப் பூஜ்யமாக்கிப் புதியவையாகக் கடைகளில் விற்கப்பட்டது ஜெர்மனியில் அம்பலமானது. சீகேட் டிஸ்க்குகளில் ஃபார்ம் என்ற இன்னொரு உள்பதிவு இருப்பதால்தான் பிடிபட்டது. ஸ்மார்ட்சிடிஎல் மென்பொருளின் புதிய பதிப்புகள் அதையும் படித்துக்காட்டும். இரண்டு எண்களும் ஒத்துப்போக வேண்டும்.

புது டிஸ்க் வாங்கும்போதும் சீரியல் எண்ணைக் கம்பெனித் தளத்தில் போட்டு வாரண்டி எந்தத் தேதி வரை என்று பாருங்கள். கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களுக்கு மொத்தமாகப் போன டிஸ்க் கைமாறி வந்திருந்தால் வாரண்டி இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

புது டிஸ்க்கை மாட்டியதும் முதலில் என்ன செய்வது?

உடனே ஃபைல்களைக் கொட்டாதீர்கள். சுழலும் டிஸ்க் என்றால் ‘குவிக் ஃபார்மட்’ வேண்டாம், முழு ஃபார்மட் போடுங்கள். டிஸ்க் முழுவதும் எழுதிப் பார்க்கும். பெரிய டிஸ்க்குக்கு ஒரு நாள்கூட ஆகலாம், ஆகட்டும். அதன்பிறகு ஸ்மார்ட்டின் நீண்ட சோதனை ஒன்று. தயாரிப்புக் குறையோ வழியில் பட்ட அடியோ இருந்தால் பெரும்பாலும் இங்கேயே பல்லிளித்துவிடும், கடைக்காரரும் மறுபேச்சு இல்லாமல் மாற்றிக் கொடுப்பார். முதல் ஒரு மாதம் பழைய டிஸ்க்கில் உள்ளதை அழிக்காதீர்கள்.

ஸ்மார்ட் பதிவில் எதைப் பார்ப்பது? ஒரே எண்களாக இருக்கின்றனவே?

விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் இரண்டும் இலவசம். நிறைய வரிகள் வரும். பார்க்க வேண்டியவை 5, 187, 188, 197, 198 என்ற எண்ணிட்ட வரிகள். 5 என்பது கெட்டுப்போய் மாற்றி வைத்த செக்டர்கள் (தகவல் எழுதும் சின்னச் சின்னப் பகுதிகள்), 197 சந்தேகத்தில் காத்திருப்பவை, 198 படிக்கவே முடியாதவை, 187 சரிசெய்ய முடியாத பிழைகள், 188 பதில் வராமல் போன கட்டளைகள். எல்லாவற்றிலும் பூஜ்யம் இருந்தால் நிம்மதி. ஒன்றிரண்டு ஏறி அங்கேயே நின்றால் கண் வைத்திருங்கள். வாரா வாரம் ஏறினால் இன்றைக்கே நகலெடுங்கள்.

199-ஆம் வரி ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், அது பெரும்பாலும் சாட்டா கேபிள் கோளாறு. கேபிளை மாற்றினால் ஏறுவது நின்றுவிடும். டிஸ்க் போய்விட்டது என்று புதிது வாங்கிய பிறகு, பழைய கேபிளிலேயே அதையும் மாட்டி, அதுவும் போய்விட்டது என்று புலம்பியவரைப் பார்த்திருக்கிறேன். சீகேட் டிஸ்க்குகளில் 1-ஆம் வரியிலும் 7-ஆம் வரியிலும் கோடிக்கணக்கில் எண் காட்டும், அது அவர்கள் எண்ணும் முறை. பயப்பட வேண்டாம்.

ஸ்மார்ட்டை எவ்வளவு நம்பலாம்? கூகுள் நிறுவனத்தார் தங்களிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தட்டைத் தடவிப் பார்க்கும் சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. ஆகவே அது சத்தம் போட்டால் கேளுங்கள். ஆனால் அதே ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் 36 சதவீதம் ஸ்மார்ட்டில் எந்த அறிகுறியும் காட்டாமலேயே போயிருந்தன. மூன்றில் ஒன்றுக்கு மேல்! ‘நலம்’ என்று நீல நிறத்தில் காட்டுகிறதே என்று நிம்மதியாகத் தூங்க முடியாது.

சூட்டினால் சீக்கிரம் போகுமா?

நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. அதே கூகுள் ஆய்வில் மிதமான வெப்பத்தில் சூட்டுக்கும் பழுதுக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. மிக அதிக சூட்டில், அதுவும் பழைய டிஸ்க்குகளில்தான் வித்தியாசம் தெரிந்தது. 45 டிகிரிக்குள் இருந்தால் கவலை இல்லை. இரண்டு டிஸ்க்குகளை இடைவெளி இல்லாமல் அடுக்காதீர்கள், எதிரே ஒரு காற்றாடி ஓடட்டும்.

சூட்டைவிட வேறு எது ஆபத்து?

அசைவு. மேசை டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும்போது தட்டின் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதற்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில், தொடாமல், படிக்கும் தலை மிதக்கிறது. ஒரு தலைமுடியின் பருமன் அதைப்போலப் பல ஆயிரம் மடங்கு. ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை ஒரு கையால் தூக்கி இன்னொரு மேசைக்கு மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நிறுத்துங்கள், சுழற்சி அடங்கப் பத்து நொடி காத்திருங்கள், பிறகு எடுங்கள். செங்குத்தாக நிறுத்தி வைக்காமல் படுக்கப் போடுங்கள், கேபிள் தடுக்கி விழாது.

மின்சாரம் பட்டென்று போனால் டிஸ்க் தன் சுழற்சியின் மிச்ச வேகத்தைக்கொண்டே தலையை ஓரமாக நிறுத்திவிடும். ஆகவே தட்டு தப்பிக்கும். பாதி எழுதிய ஃபைல்தான் தப்பிக்காது. யுபிஎஸ் இருந்தால் நல்லது. மலிவான பவர் சப்ளை போட்டுவிட்டு விலை உயர்ந்த டிஸ்க் வாங்குவது வீண்.

இரண்டு டிஸ்க் போட்டு ரெய்டு செய்துவிட்டால் பேக்கப் வேண்டாமே?

வேண்டும். தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் ரெய்டு அதை அந்த நொடியே இரண்டிலும் அழித்துவிடும்.

டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறது. என்ன செய்வது?

அணைத்துவிடுங்கள். இப்போதே. தலை தன் இடத்தைத் தேடித் தேடித் திரும்புகிற சத்தம் அது. இன்னும் ஒரு முறை போட்டுப் பார்ப்போம் என்று போடும் ஒவ்வொரு முறையும் தட்டு உரசப்படலாம். உள்ளே இருப்பது உண்மையிலேயே வேண்டும் என்றால் தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிறுவனத்திடம்தான் போக வேண்டும். செலவு புது டிஸ்க்கைப்போலப் பல மடங்கு ஆகும்.

சத்தம் இல்லை, மெதுவாக இருக்கிறது, சில ஃபைல்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் நிலைமை பரவாயில்லை. ஆனால் அங்கேயும் ஒரு தப்பு செய்வார்கள்: விண்டோஸின் பிழை திருத்தும் கட்டளையான செக்டிஸ்க் போட்டுச் சரிசெய்யப் பார்ப்பார்கள். சாகிற டிஸ்க்கில் அது கடைசி அடியாகிவிடும். முதலில் நகல், பிறகுதான் வைத்தியம். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ இதற்கென்றே இருக்கிறது. நன்றாகப் படிக்கும் இடங்களை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியாக வரும். அதே மாடல் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டைக் கழற்றி மாட்டினால் ஓடும் என்று யாராவது சொன்னால், அது பழைய காலத்துக் கதை. ஒவ்வொரு டிஸ்க்கின் தனி அளவீடுகளும் இன்று அதன் போர்டிலேயே ஒரு சிப்பில் இருக்கின்றன. ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியத்தையும் விட்டுவிடுங்கள். உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் யுஎஸ்பி முனை உடைந்துவிட்டது. உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி மாட்டலாமா?

முன்பு முடிந்தது. இப்போது பல கையடக்க மாடல்களில் யுஎஸ்பி முனை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, சாட்டா முனையே கிடையாது. சிலவற்றில் நீங்கள் பாஸ்வேர்டு போடாவிட்டாலும் தகவல் பூட்டிய வடிவில்தான் எழுதப்படும். வேறு வழியாகப் படித்தால் குப்பையாகத் தெரியும். பேக்கப்புக்கு டிஸ்க் வாங்கும்போது, கழற்றக்கூடிய மூன்றரை அங்குல டிஸ்க்கையும் தனி உறையையும் நான் விரும்புவது இதனால்தான்.

சரி, எத்தனை நகல் வேண்டும்?

மூன்று. இரண்டு வெவ்வேறு வகை இடங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. பீட்டர் குரோ என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 கணக்கு இது. கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னலில் ஒன்று, கிளவுடிலோ உறவினர் வீட்டு அலமாரியிலோ ஒன்று. எக்ஸ்டர்னலை எப்போதும் செருகியே வைக்காதீர்கள். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் எட்டுகிற டிஸ்க்கையெல்லாம் பூட்டிவிடும்.

என் கம்ப்யூட்டர் டிஸ்க் ஒருமுறை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் போனது. எக்ஸ்டர்னலை எடுத்துச் செருகினால், பேக்கப் மென்பொருள் நான்கு மாதமாக வெறும் ஃபோல்டர்களை மட்டுமே நகலெடுத்திருக்கிறது. பச்சை டிக் மட்டும் தவறாமல் காட்டியிருக்கிறது. வெளியூரில் இருந்த மூன்றாவது நகலால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஏதாவது பத்து ஃபைல்களைத் திறந்து பார்க்கிறேன். நீங்களும் திறந்து பாருங்கள். டிஸ்க் போனபிறகு திறந்து பார்ப்பது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

பழைய டிஸ்க்கை யாருக்காவது கொடுத்துவிடலாமா?

நன்றாக ஓடுகிறது என்றால் கொடுக்கலாம், ஆனால் துடைத்துவிட்டு. அழித்தாலும் குவிக் ஃபார்மட் செய்தாலும் தகவல் அப்படியேதான் இருக்கும், இலவச மென்பொருளே மீட்டெடுத்துவிடும். சுழலும் டிஸ்க்கில் முழுவதும் ஒரு முறை பூஜ்யம் எழுதினால் போதும், ஏழு முறை எழுத வேண்டியதில்லை. எஸ்எஸ்டிக்கு அப்படி மேலெழுதுவது முழுப் பயன் தராது. கம்பெனியின் மென்பொருளில் உள்ள ‘செக்யூர் எரேஸ்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

ஓடாத டிஸ்க்காக இருந்தால் மூடியைக் கழற்றித் தட்டுகளை நாசமாக்கிவிட்டு மின்கழிவில் சேர்க்கலாம். மேசை டிஸ்க்குகளில் பெரும்பாலும் அலுமினியத் தட்டு, வளையும். லேப்டாப் டிஸ்க்குகளில் பலவற்றில் கண்ணாடித் தட்டு. பார்க்க இரண்டும் ஒரே பளபளப்புதான், சுத்தியலால் தட்டியதும்தான் கண்ணாடி என்று தெரியும். துணியில் சுற்றிக்கொண்டு, கண்ணுக்கும் ஏதாவது மாட்டிக்கொண்டு தட்டுங்கள்.